மரமும் பிளாஸ்ரிக்கும் கலந்த டெக்: கறையை அறிந்து கழுவும் முறை

ஏப்ரல் மாதத்தில், ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மூடியிருந்த கடைசிப் பனியும் உருகி ஓடிய பிறகு, பின்வளவில் பலகைகளால் போட்ட திறந்த மேடையான டெக்கின் மீது குனிந்து பார்த்தால் சில வீடுகளில் இலைகளின் ஓவியத்தைக் காணலாம். இலையுதிர்காலத்தில் விழுந்து, கூட்டப்படாமல் பனிக்கு அடியில் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த மேப்பிள் இலை இப்போது அங்கே இருக்காது. காற்று அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். ஆனால் அதன் முனைகளும், காம்பும், நடுவிலிருந்து பிரிந்து ஓடும் நரம்புகளும் அச்சடித்தது போலப் பழுப்பு நிறத்தில் பலகையின் மீது தங்கியிருக்கும். எங்கள் டெக்கில் முதன்முறையாக அப்படி ஏழு இலைகள் பதிந்திருந்தபோது, நான் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் தேய்த்தேன். சுற்றியிருந்த அழுக்கெல்லாம் போய்ப் பலகை வெளுத்ததால், இலைகள் முன்னிலும் துலக்கமாகத் தெரிந்தன. சவர்க்காரத்தில் குறையில்லை, தேய்த்த கையிலும் குறையில்லை. அது சவர்க்காரத்துக்குக் கட்டுப்படும் வகைக் கறையே அல்ல என்பதுதான் காரணம். இதை விளங்கிக்கொண்டால் டெக்கைப் பராமரிப்பதன் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கொம்பொசிற் என்று கடைகளில் விற்கப்படும் பலகை, மரத்தூளையும் உருகிய பிளாஸ்ரிக்கையும் நிறப்பொடியையும் சேர்த்துப் பிசைந்து, அச்சின் வழியாகப் பிழிந்து எடுக்கப்படுவது. இடியப்ப உரலில் மாவைப் பிழிவதைப் போன்ற வேலைதான்; துளைக்குப் பதிலாகப் பலகையின் வடிவில் வாய் இருக்கும். மரத்தூள் பெரும்பாலும் மர ஆலைகளிலும் தளபாடத் தொழிற்சாலைகளிலும் மிஞ்சுவது. பிளாஸ்ரிக் பெரும்பாலும் பொலித்தீன் பைகளும் பொதிகளைச் சுற்றிவரும் மெல்லிய உறைகளும் மீள்சுழற்சியில் வந்து சேர்வது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், மோபில் நிறுவனத்தின் ஒரு பிரிவை வாங்கி 1996 இல் தொடங்கப்பட்ட டிரெக்ஸ் நிறுவனம் இந்தப் பலகையைப் பரவலாக்கியவற்றுள் முதன்மையானது. ஆசனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தை வீட்டுப் பாவனைக்கு விற்பது 2003 ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் நின்றுபோனதும் இதன் விற்பனைக்கு உதவியது. ஆண்டுதோறும் எண்ணெய்ச் சாயம் பூசத் தேவையில்லை, உளுக்காது, சிராய் குத்தாது என்று சொல்லி விற்கிறார்கள். அவை பெரும்பாலும் உண்மையே. ஆனால் 'பராமரிப்பே தேவையில்லை' என்று வாங்குபவர் தாமாகவே சேர்த்துக்கொள்ளும் வாக்கியம் உண்மையல்ல.

இந்தப் பலகை பாதி மரம், பாதி பிளாஸ்ரிக். இதைக் கழுவுவதில் நடக்கும் தவறுகள் ஏறத்தாழ எல்லாமே, இரண்டில் ஒன்றை மறந்துவிடுவதால் நடப்பவை. முழுப் பிளாஸ்ரிக் என்று எண்ணுபவர் எண்ணெய்க் கறையை வாரக்கணக்கில் விட்டுவைக்கிறார். உள்ளே இருக்கும் மரத்தூள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. முழு மரம் என்று எண்ணுபவர் மண்தாள் கொண்டு தேய்க்கிறார், அல்லது கம்பிப் பிரஷ் போட்டு உரசுகிறார். பிளாஸ்ரிக்கில் விழுந்த கீறல் மரத்தில் போல மங்கி மறைவதில்லை.

ஆகவே கழுவத் தொடங்குவதற்கு முன் உங்கள் பலகை எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஏறத்தாழ 2010 வரை போடப்பட்ட டெக்குகளில் பெரும்பாலானவை உறையற்ற பலகைகள்; அவற்றில் மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த கலவையே மேற்பரப்பிலும் இருக்கும். அதன் பின்னர் வந்தவற்றில் அந்தக் கலவையைச் சுற்றி, மரத்தூள் இல்லாத மெல்லிய பிளாஸ்ரிக் மேலுறை ஒன்று சேர்த்தே பிழியப்படுகிறது. அந்த உறை சிலவற்றில் நான்கு பக்கமும் இருக்கும், சிலவற்றில் அடிப்பக்கத்தை மட்டும் விட்டு மூன்று பக்கம் இருக்கும். படிக்கட்டின் ஓரத்திலோ டெக்கின் விளிம்பிலோ பலகை வெட்டப்பட்ட முகத்தைப் பாருங்கள். நடுவில் சொரசொரப்பான பழுப்புக் கலவையும், அதைச் சுற்றி மாம்பழத் தோல் போல வேறு நிறத்தில் ஒரு மெல்லிய படலமும் தெரிந்தால் அது உறையிட்ட பலகை. முகம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் உறையற்றது. மரத்தூளே இல்லாத, முழுவதும் பீவீசீ என்ற பிளாஸ்ரிக்கால் ஆன பலகைகளும் உண்டு. அவை எடை குறைந்தவை, வெட்டுமுகம் வெளிர் நிறத்தில் நுரைபோல இருக்கும். உறையிட்ட பலகையில் கறை மேலே நிற்கிறது, உறையற்றதில் உள்ளே இறங்குகிறது. இந்த ஒரு வேறுபாடே உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் சாதாரண அழுக்கை எடுத்துக்கொள்வோம். மண், மகரந்தம், புகைக்கரி, பறவை எச்சம் ஆகியவற்றுக்கு விசேட மருந்து எதுவும் வேண்டாம். வசந்தத்தில் ஒருமுறையும், இலைகள் விழுந்து முடிந்ததும் ஒருமுறையும், இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, நீண்ட பிடியுள்ள மென்மையான நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கழுவுவதற்கு முன் நன்றாகக் கூட்ட வேண்டும். கூட்டும்போது பலகைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை மறக்கக் கூடாது. சில மில்லிமீற்றர் மட்டுமே அகலமுள்ள அந்தப் பிளவுகளில் மேப்பிள் விதைகளும் பைன் ஊசிகளும் இறங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மக்கிக் கிடக்கும். பூஞ்சணம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. மெல்லிய பிளாஸ்ரிக் தகடு ஒன்றால் கிளறி எடுத்துவிடலாம்; இரும்புக் கத்தி வேண்டாம்.

கழுவுகிற வேலையில் எல்லாரும் அவசரப்பட்டுக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சவர்க்காரம் அழுக்கை அழிப்பதில்லை. பலகையிலிருந்து பெயர்த்துத் தண்ணீரில் மிதக்க மட்டுமே வைக்கிறது. அந்தத் தண்ணீர் பலகையின் மீதே காய்ந்தால், மிதந்துகொண்டிருந்த அழுக்கு முழுவதும் முன்பு இருந்ததைவிடச் சீராக, ஒரு மெல்லிய சாம்பல் படலமாகப் படிந்துவிடும். 'எவ்வளவு கழுவியும் டெக் மங்கலாகவே இருக்கிறது' என்று சொல்பவர்களின் டெக்கில் பெரும்பாலும் இருப்பது இந்தப் படலம்தான். ஆகவே முழு டெக்கையும் ஒரே தடவையில் நுரையாக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் அடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். மூன்று நான்கு பலகைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் நீளவாக்கில் தேய்த்து, நுரை ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அதன் பின்னரே அடுத்த பலகைகளுக்குப் போக வேண்டும். ஒருவர் தேய்க்க ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் வேலை இன்னும் திருத்தமாக அமையும். வெயில் உச்சியில் இருக்கும் நேரம் இதற்கு ஆகாது. கரும்பழுப்புப் பலகை ஜூலை மாத நண்பகலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். நுரை நிமிடக்கணக்கில் காய்ந்துவிடும். காலை நேரமோ முகில் மூடிய நாளோ நல்லது. குவெல்ஃப், கிச்சனர் போன்ற நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊர்களில் தண்ணீரிலேயே சுண்ணாம்பு அதிகம். அங்கே அலசிய தண்ணீரையும் பழைய துவாயால் துடைத்து எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே வெள்ளையாகப் படிந்திருந்தால், வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து உடனே அலசினால் சுண்ணாம்பு கரைந்துவிடும்.

இனி எண்ணெய். நமது வீடுகளில் டெக் என்பது கோடைகாலச் சமையலறை. பார்பிகியூ அடுப்பிலிருந்து தெறிக்கும் கொழுப்பும், காகிதத் தட்டிலிருந்து வழியும் கறியும் எந்தச் சனிக்கிழமையும் பலகையில் விழலாம். சென்ற கோடையில் எங்கள் பின்வளவில் கூடியிருந்தபோது ஓர் அலுமினியத் தட்டு நிறைய இருந்த ஆட்டிறைச்சிக் கறி கவிழ்ந்தது. அது கவிழ்ந்த கணத்தில் நான் கவனித்ததை இங்கே சொல்வது பயனுள்ளது. கறித்துண்டுகளும் கட்டியான குழம்பும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஆனால் எண்ணெய் மட்டும் பிரிந்து, பலகையில் பொறிக்கப்பட்டிருந்த மரவரிகளின் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மெல்லிய செம்மஞ்சள் கோடுகளாக ஓடத் தொடங்கியது. அதாவது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற குழம்பு அல்ல, கண்ணில் படாமல் ஓடுகிற எண்ணெய்தான் கறையாகப் போவது. அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் எண்ணெய் இன்னும் அகலமாகப் பரவும். முதலில் திடப்பொருளை அள்ளி எடுத்துவிட்டு, காகிதத் துவாயை மேலே வைத்து அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. ஒற்றிய காகிதத்தில் எண்ணெய் வருவது நின்ற பிறகே இளஞ்சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் வர வேண்டும். திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் நேரடியாகக் கறையின் மீது விட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் வரிகளின் வழியே தேய்த்து, சூடான தண்ணீரால் அலசினால், உறையிட்ட பலகையில் பெரும்பாலும் ஒரு தடவையிலேயே போய்விடும். உறையற்ற பலகையில் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். நாட்பட்ட கொழுப்புக்குக் கடைகளில் விற்கும் கொழுப்பு நீக்கியைப் பயன்படுத்தலாம். பெற்றோல், தின்னர், அசற்றோன் போன்றவற்றைத் தொட வேண்டாம். அவை எண்ணெயோடு மேற்பரப்பின் பொலிவையும் கொண்டுபோகக்கூடியவை. உணவுக் கறைகளுக்கு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் சில, கறை விழுந்து ஒரு வாரத்துக்குள் கழுவியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அந்த ஒரு வாரம் தாளில் இருப்பது. நடைமுறையில் அன்றிரவே கழுவுவதுதான் சரி.

எண்ணெய் போன பிறகும் மஞ்சள் நிறம் எஞ்சியிருக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால்தான் எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும் என்று மேலே வற்புறுத்தினேன். எண்ணெயோடு பெரும்பங்கு மஞ்சளும் வந்துவிடும். மீதியைச் சவர்க்காரக் கட்டியோ சோடாவோ போட்டுத் தேய்ப்பவர்கள், மஞ்சள் கறை திடீரென்று இரத்தச் சிவப்பாக மாறுவதைக் கண்டு திகைப்பதுண்டு. திகைக்க வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் சிவப்பது எதனாலோ, அதனால்தான் இதுவும் சிவக்கிறது. காரத்தன்மையுள்ள எதைச் சேர்த்தாலும் குர்க்குமின் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். கறை கூடவில்லை. மஞ்சளைத் தீர்க்க நம் வீட்டுப் பெண்கள் பரம்பரையாக அறிந்த வைத்தியம் ஒன்று இருக்கிறது: மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைத்து நல்ல வெயிலில் விரிப்பார்கள், மாலையில் கறை வெளிறியிருக்கும். சூரிய ஒளி குர்க்குமினைச் சிதைக்கிறது. டெக் வெயிலிலேயே கிடப்பதால், எண்ணெயைத் திருத்தமாக நீக்கிவிட்டால் மீதி மஞ்சளைச் சில நாட்களில் வெயிலே பார்த்துக்கொள்ளும். எங்கள் டெக்கில் எஞ்சியிருந்த வெளிர் மஞ்சள் திட்டு அடுத்த வார இறுதிக்குள் தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை. மிளகாய்த்தூளின் சிவப்பும் எண்ணெயோடு சேர்ந்து வருவதே. அதற்கும் இதே வழிதான்.

இப்போது இலைகளுக்கு வருவோம். இலைகளிலும் மரப்பட்டையிலும் துவர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. தேநீரைப் பழுப்பாக்குபவையும், கடுக்காயைத் துவர்க்க வைப்பவையும் அவைதான். ஓக், மேப்பிள் இலைகளில் இவை நிறைய இருக்கின்றன. ஈரமான இலை பலகையின் மீது கிடந்தால், தேயிலைப் பையைப் போலச் சாயம் மெல்ல இறங்குகிறது. இந்தச் சாயம் எண்ணெயும் அல்ல, மேலே ஒட்டிய தூசியும் அல்ல; ஆகையால் சவர்க்காரத்துக்கு அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இதற்கு ஒக்சாலிக் அமிலம் சேர்ந்த 'டெக் பிரைற்றனர்' என்ற கழுவுமருந்து தேவை. ஒக்சாலிக் அமிலம் நமக்கு அந்நியமானதல்ல. புளியாரைக் கீரையை மென்றால் வரும் புளிப்பு பெரும்பாலும் அதனுடையது. ஆனால் கடையில் வாங்கும் மருந்தில் அதன் செறிவு கீரையில் இருப்பதைப் போல் இராது, அது நச்சு. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, பலகையை முதலில் தண்ணீரால் நனைத்து, பொதியில் சொல்லியுள்ள அளவில் கரைத்துப் பூசி, அங்கே குறிப்பிட்டுள்ள நேரம் வரை காயவிடாமல் வைத்து, நிறையத் தண்ணீரால் அலச வேண்டும். சுற்றியுள்ள செடிகளையும் முன்னும் பின்னும் நனைத்துவிடுவது நல்லது.

அதே அமிலம் இரும்புத் துருவுக்கும் மருந்தாகிறது. துருவிலுள்ள இரும்போடு ஒக்சாலிக் அமிலம் இணைந்து, தண்ணீரில் கரையும் சேர்மமாக மாறிவிடுவதால், தேய்க்காமலே செம்பழுப்பு மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். டெக்கில் துரு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இரும்புக் கதிரைகளின் கால்களும், பூச்சட்டி நிறுத்தும் சட்டங்களும் முதல் காரணம். ஒன்ராறியோவில் இன்னொரு காரணமும் உண்டு. 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புற்றரைகளுக்கு வழக்கமான களைக்கொல்லிகளை அடிப்பது இம்மாகாணத்தில் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் பரவிய மாற்று மருந்துகளில் இரும்பு சேர்ந்தவை முக்கியமானவை. புல்லில் அடிக்கும்போது காற்றில் டெக்கின் ஓரத்துக்கு வந்து விழும் துளிகளும், அந்தப் புல்லில் நடந்த ஈரக் கால்களும் ஓரிரு நாளில் செம்மஞ்சள் புள்ளிகளாகவும் பாதச் சுவடுகளாகவும் தெரியத் தொடங்கும். இரும்பு கலந்த உர மணிகளும் அப்படியே. இவற்றைக் குளோரின் பிளீச்சால் நீக்க முயல்வது பெருந்தவறு. பிளீச் துருவைப் போக்குவதில்லை, இரும்பை மேலும் துருவாக்கிப் பதியவைக்கும்.

துவர்ப்பும் இரும்பும் ஒன்று சேர்ந்தால் வருவது கருமை. அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் துவர்ப்பான கடுக்காயையும் சேர்த்து மை காய்ச்சிய முன்னோரும், துணியில் கறுப்புக் கோடு போட அவ்விரண்டின் சேர்க்கையையே நம்பிய கலம்காரி ஓவியர்களும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஈர இலைக் குவியலுக்குள் ஓர் இரும்பு ஆணியோ கம்பிச் சுருளின் துணுக்கோ கிடந்தால், நமது டெக்கிலும் அதே மை காய்ச்சப்படுகிறது. கறுப்பாக இருக்கிறதே என்று பூஞ்சணம் என எண்ணிப் பிளீச் அடிப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் ஒரு துளி ஒக்சாலிக் கரைசலைத் தொட்டுவைத்துப் பாருங்கள்: சில நிமிடங்களில் வெளிறினால் அது இரும்பு மை, அசையாமல் இருந்தால் வேறு எதையோ தேட வேண்டும்.

அந்த வேறு எதோ பெரும்பாலும் பூஞ்சணமாக இருக்கும். நிழல் விழும் மூலை, நிலத்துக்கு மிக அருகில் போடப்பட்டு அடியில் காற்றோட்டமில்லாத டெக், மேசையின் கீழ் எப்போதும் ஈரமாக இருக்கும் பகுதி ஆகியவற்றில் மிளகுப்பொடி தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகளாக அது தோன்றும். உறையற்ற பலகையில் மரத்தூளே அதற்கு உணவு. உறையிட்ட பலகையில் உறை உணவாகாது என்றாலும், மேலே படிந்த மகரந்தமும் தூசியும் போதும். ஆகையால் பூஞ்சணத்துக்கான முதல் மருந்து, முன்பு சொன்ன சாதாரணக் கழுவலைத் தவறாமல் செய்வதுதான். வந்துவிட்டால் ஒட்சிசன் பிளீச் எனப்படும் தூளைப் பயன்படுத்தலாம். அதன் வேதிப்பெயர் சோடியம் பெர்காபனேற். இளஞ்சூடான தண்ணீரில் கரைத்தவுடன் அது ஐதரசன் பெரொக்சைட்டாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. முதலாவது பூஞ்சணத்தைத் தாக்கி அதன் நிறத்தையும் வெளுக்கிறது, இரண்டாவது அழுக்கை இளக்குகிறது. கரைத்தவுடனேயே பாவிக்க வேண்டும். போத்தலில் மூடிவைத்தால் வெளிவரும் வாயுவின் அழுத்தத்தால் போத்தல் வெடிக்கலாம். பூசிய பின் பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, தேய்த்து அலசிவிட வேண்டும்.

சலவைக்கு வைத்திருக்கும் குளோரின் பிளீச்சையே எடுத்து ஊற்றுவது பலருக்கு எளிதாகத் தெரிகிறது. கறுப்பு உடனே மறைவதால் அது வென்றுவிட்டது போலவும் தோன்றும். ஆனால் பலகையின் நிறத்தையும் அது திட்டுத்திட்டாக வெளுக்கக்கூடும், அடியிலுள்ள ஆணிகளையும் இரும்புத் தாங்கிகளையும் அரிக்கும், வழிந்தோடும் இடத்திலுள்ள செடிகளைக் கருக்கும். சில நிறுவனங்கள் நீர்த்த பிளீச்சைக் குறைந்த நேரத்துக்கு அனுமதிக்கின்றன, சில எச்சரிக்கின்றன. எப்படியிருந்தாலும் ஒன்றை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள்: குளோரின் பிளீச்சோடு வினாகிரியையோ ஒக்சாலிக் அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா கலந்த கழுவுமருந்தைச் சேர்த்தாலும் நச்சுவாயு வரும். காலையில் ஒன்றைப் பூசிச் சரியாக அலசாமல் மாலையில் மற்றதைப் பூசினாலும் அதே ஆபத்துதான். திறந்த வெளி என்பதால் ஒன்றும் ஆகாது என்று எண்ணக் கூடாது. குனிந்து தேய்ப்பவரின் முகம் பலகைக்கு அருகிலேயே இருக்கிறது.

கறுப்புப் புள்ளிகளில் இன்னொரு வகையையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதற்கு மருந்து தேடிப் பலர் வீணாக அலைகிறார்கள். பூம்பாத்திகளில் பரப்பும் மரத்துகள்களில் வளரும் ஒரு சிறிய காளான், தன் வித்துப் பொதிகளை வெளிச்சமான திசையை நோக்கிச் சுடுகிறது. அவை ஆறு மீற்றர் தூரம்கூடப் பறக்கும். வெளிர் நிறச் சுவரிலும் டெக்கிலும் தார்த்துளி போல ஒட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளி, காய்ந்த பிறகு எந்தக் கழுவலுக்கும் அசையாது. பிளாஸ்ரிக் தகட்டால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாலும் பழுப்பு வட்டம் எஞ்சும். டெக்கை ஒட்டிய பாத்தியில் மரத்துகளை விலக்கிக் கூழாங்கல் பரப்புவது ஒன்றே நிலையான வழி.

எந்த மருந்தானாலும் முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் பூசிப் பார்க்க வேண்டும். படிக்கட்டின் பக்கவாட்டுப் பலகை அதற்கு ஏற்றது. அதேபோல, கறை உள்ள இடத்தை மட்டும் வட்டமாகக் கழுவினால் அந்த வட்டம் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று தெரிந்து தானே ஒரு கறையாகிவிடும். அந்தப் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுவதுமாகக் கழுவிவிடுவது நல்லது.

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வோஷரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். உறையற்ற பழைய பலகைகளுக்கு அதைத் தவிர்ப்பதே என் தெளிவான கருத்து. நீரின் வேகம் மேற்பரப்பிலுள்ள மரத்தூளைப் பெயர்த்துவிட, அதன் பின் பலகை இன்னும் விரைவாக அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும். உறையிட்ட பலகைகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் எல்லை மாறுகிறது: நீரின் அழுத்தம் 1500 பீஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) மேல் போகக் கூடாது என்று சிலரும், 3100 வரை போகலாம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பலகையின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். விசிறி போல விரியும் முனையையே பொருத்தி, பலகையிலிருந்து குறைந்தது 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, நீளவாக்கில் நகர்த்த வேண்டும். ஊசி போல ஒடுங்கிப் பாயும் முனை ஒரே வீச்சில் உறையில் கோடு போட்டுவிடும்.

கறை வராமல் காப்பதில் சில பழக்கங்கள் பெரும் பயன் தருகின்றன. இறப்பர் அடிப்பாகம் கொண்ட கால்மிதியை டெக்கில் நிரந்தரமாகப் போட்டுவைக்க வேண்டாம். இறப்பரில் கலந்துள்ள சேர்மங்கள் மெல்லப் பலகைக்குள் ஊர்ந்து நிறத்தை மாற்றிவிடும், அந்த மாற்றத்துக்குக் கழுவல் இல்லை. பூச்சட்டிகளுக்கு அடியில் காற்றுப் புகும்படி சிறு கால்கள் வையுங்கள். சூரியக் கிரீமையும் நுளம்பு மருந்தையும் பிள்ளைகளுக்குப் புல்லில் நிறுத்திப் பூசுங்கள். குளிர்காலத்தில் பனியை அள்ள உலோக விளிம்புள்ள சவளைத் தவிர்த்துப் பிளாஸ்ரிக் சவளையே எடுங்கள். உப்பு தூவலாம், ஆனால் பனி உருகிய முதல் நல்ல நாளிலேயே அதை அலசிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நவம்பரில் முதல் பனிக்கு முன் கடைசி இலையையும் கூட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை அது. தவறினால் ஏப்ரலில் கையுறையும் அமிலமுமாக ஒரு முழு நாளைச் செலவிட நேரும்.

கறையே அல்லாத சிலவற்றைக் கறை என்று எண்ணிக் கழுவுவதும் உண்டு. புதிய உறையற்ற பலகையில் முதல் சில மாதங்களுக்கு மழை பெய்யும்போதெல்லாம் தேநீர் நிறத்தில் நீர் வடியும்; உள்ளிருக்கும் மரத்தூளின் துவர்ப்பு வெளியேறுவது அது, காலப்போக்கில் தானாகவே நின்றுவிடும். வெயிலில் நிறம் சற்று வெளிறுவதும் இயல்பு. அடுப்புக்கரித் துண்டு விழுந்து உருகிய பள்ளமும், கதிரையை இழுத்த கீறலும் எந்த மருந்துக்கும் மறையாது. மண்தாளால் தேய்த்துச் சமன்செய்ய முற்பட்டால் உறை போய்விடும், உத்தரவாதமும் போய்விடும். அந்த ஒரு பலகையைக் கழற்றி மாற்றுவதே வழி. அதற்கு அதே நிறத்தில், அதே ஆண்டு வார்ப்பில் பலகை வேண்டும், ஆனால் நிறுவனங்கள் நிறங்களை அடிக்கடி நிறுத்திவிடுகின்றன. டெக் போட்டு முடிந்த அன்று வேலையாட்கள் மீதித் துண்டுகளைக் குப்பைவண்டியில் ஏற்றப் போவார்கள். நீளமான இரண்டு பலகைகளையும் சில சிறு துண்டுகளையும் கேட்டு வாங்கிக் கராஜின் சுவரோரம் வைத்துவிடுங்கள். நீளமானவை மாற்றுவதற்கு. சிறியவற்றில் ஒன்றின் மீது, அடுத்த தடவை புதிய மருந்து ஏதாவது வாங்கும்போது, முதல் துளியை விட்டுப் பார்க்கலாம்.